டெல்டா வெயிலுக்கு எந்த பேபி கேரியர்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீடு கும்பகோணத்துக்குப் பக்கம். இரண்டு பிள்ளைகளையும் கேரியரில், அதாவது குழந்தையை நம் உடம்போடு கட்டித் தூக்கும் துணியில் போட்டுத்தான் தூக்கி வளர்த்தேன். மூத்தவள் பங்குனியில் பிறந்தவள், நாற்பது நாள் முடிந்த கையோடு கத்திரி ஆரம்பித்துவிட்டது. "நல்லா காத்தோட்டமா இருக்கும்மா" என்று கடையில் சொன்னதை நம்பி ஒரு கேரியர் வாங்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமை ராகு கால நேரத்தில் திருநாகேஸ்வரம் கோயிலுக்குப் போனோம். திரும்பி வந்து அவளை வெளியே எடுத்தபோது முதுகுச் சட்டையைப் பிழிந்தால் தண்ணீர் வரும்போல இருந்தது. கழுத்து மடிப்பு முழுக்கச் செக்கச்செவேலென்று வியர்க்குரு. அன்று ராத்திரி அவள் கண்ணே மூடவில்லை. கேரியரைப் பிரித்துப் பார்த்தேன்: வெளியே மெஷ் என்கிற வலைத்துணி, உள்ளே அரை விரல் தடிமனுக்கு ஸ்பாஞ்சு, அதற்கும் உள்ளே நைலான் லைனிங். காற்று எந்த வழியாகப் போகும்?

அதற்கப்புறம் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். சொந்தத்திலும் தெருவிலும் பிள்ளை பெற்றவர்கள் திரும்பத் திரும்ப என்னிடம் கேட்பவற்றுக்குப் பதில் கீழே.

இந்த வெயிலில் கேரியரே வேண்டுமா? இடுப்பில் தூக்கினால் போதாதா?

பிள்ளைக்குக் கழுத்து நின்று, இடுப்பில் உட்காரும் வயது வந்துவிட்டால், பக்கத்து வீட்டுக்கோ கடைத்தெருவுக்கோ போய் வர இடுப்பே போதும். காற்றும் நன்றாகப் படும். ஆனால் டவுன் பஸ்ஸில் ஒரு கையில் பிள்ளையும் ஒரு கையில் கம்பியுமாக நின்று பாருங்கள், அல்லது ஒரு கையில் மூத்த பிள்ளையைப் பிடித்துக்கொண்டு கோயில் படி இறங்கிப் பாருங்கள், அப்போது தெரியும். கைக்குழந்தை என்றால் இன்னும் சிரமம், தலையைத் தாங்கவே ஒரு கை போய்விடும். எனக்குக் கேரியர் என்பது அந்த மாதிரி அரை மணி, முக்கால் மணி நேரத்துக்குத்தான். நாள் முழுக்கக் கட்டிக்கொண்டே இருப்பதற்கு அல்ல.

ஒரே வரியில் சொல்லுங்கள், எதை வாங்கலாம்?

ஒற்றை அடுக்குப் பருத்தி ரிங் ஸ்லிங், அதாவது இரண்டு வளையத்தில் கோத்து ஒரு தோளில் மாட்டும் நீளத் துணி. பிள்ளை கனம் ஏறி உங்கள் ஒரு பக்கத் தோள் வலிக்க ஆரம்பித்ததும், உள்ளே ஸ்பாஞ்சு இல்லாத பக்கிள் கேரியர், அதாவது தோளிலும் இடுப்பிலும் பட்டை வைத்துக் கொக்கியில் மாட்டுவது.

கடைக்காரரிடம் பிராண்டு, விலை எல்லாம் கேட்பதற்கு முன்னால் "குழந்தை முதுகுக்கு மேல எத்தனை அடுக்கு துணி வருது?" என்று கேளுங்கள். நம் ஊருக்கு அந்த ஒரு கேள்விதான் முக்கியம். ஏற்கெனவே உங்கள் உடம்புச் சூடும் பிள்ளையின் உடம்புச் சூடும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு இருக்கிறது. அதற்கு மேலே வரும் ஒவ்வொரு அடுக்கும் போர்வை மாதிரிதான்.

எல்லா அட்டையிலும் 'காற்றோட்டமான துணி' என்றுதான் போட்டிருக்கிறது. உண்மையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

அட்டையை விட்டுவிடுங்கள். துணியைக் கையில் எடுங்கள். குழந்தையின் முதுகு படும் பகுதியை இரண்டு விரலால் கிள்ளிப் பாருங்கள். மெத்துமெத்தென்று அமுங்கித் திரும்பி வந்தால் உள்ளே ஸ்பாஞ்சு இருக்கிறது, அது சூட்டை வெளியே விடாது. அடுத்தது, துணியை வாயில் வைத்து ஊதுங்கள், மறுபக்கம் உள்ளங்கையை வைத்துக்கொள்ளுங்கள். மூச்சுக்காற்று கையில் பட்டால் சரி. பல கேரியர்களில் நடுவில் ஒரு சின்னக் கட்டம் மட்டும் மெஷ்ஷாக இருக்கும், சுற்றிலும் தடித் துணி. அதனால் நடுவில் மட்டும் ஊதிப் பார்த்து ஏமாறாதீர்கள், ஓரத்திலும் ஊதுங்கள்.

ஆன்லைனில் வாங்குவதானால் உள்பக்கப் படம் இருக்கிறதா என்று பாருங்கள். வெளிப்பக்கத்தை மட்டும் விதவிதமாகப் படம் எடுத்துப் போட்டிருந்தால் நான் வாங்க மாட்டேன்.

காற்று போகிறதே என்று கொசுவலை மாதிரி தளர்வாக நெய்த துணியும் வேண்டாம், கனம் தாங்காமல் தொங்கிவிடும். மெல்லியதாக இருக்க வேண்டும், ஆனால் நெருக்கமாக நெய்திருக்க வேண்டும். நல்ல கைத்தறித் துண்டை நீளவாக்கில் இழுத்தால் அசையாது, மூலைவாட்டத்தில் இழுத்தால் கொஞ்சம் இளகிக் கொடுக்கும். அந்த மாதிரித் துணி குழந்தை முதுகில் அழகாகப் படிந்து உட்காரும்.

பருத்தியா, மெஷ்ஷா?

அது நீங்கள் எந்த ஊரில் இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. பருத்தி வியர்வையை உறிஞ்சிக்கொள்ளும், அது காயும்போது உடம்பு குளிரும். திருச்சிப் பக்கம் வறண்ட வெயில், வியர்வை சீக்கிரம் காய்ந்துவிடும், அங்கே மெல்லிய பருத்தியை விட்டால் வேறு யோசனையே வேண்டாம். நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, காரைக்கால் பக்கம் கதையே வேறு. காற்றிலேயே ஈரம் நிறைய இருப்பதால் வியர்வை காயாது, நனைந்த பருத்தி நனைந்தபடியே உடம்பில் ஒட்டிக்கொண்டு கிடக்கும். பாலியெஸ்டர் மெஷ் தண்ணீரை அவ்வளவாக உறிஞ்சாது, ஆனால் சீக்கிரம் காயும், துளை வழியாகக் கடல்காற்றும் கொஞ்சம் உள்ளே வரும். அதனால் கடலோரத்தில் மெஷ் நன்றாகத்தான் வேலை செய்கிறது. கும்பகோணம், மாயவரம், திருவாரூர்க்காரர்கள் நடுவில் மாட்டிக்கொண்டோம். நான் பருத்தி பக்கம், என் நாத்தனார் மெஷ் பக்கம்.

மெஷ் வாங்குவதானால் ஒன்றைக் கவனியுங்கள். முகத்திலும் தொடையிலும் உரசும் இடத்தில் மெஷ் சொரசொரப்பாக இருக்கும். பிள்ளையின் கன்னம் படும் இடத்தில் ஒரு மல் துணியைப் போட்டு வையுங்கள், அதுவும் நனைந்தால் மாற்றிக்கொள்ளலாம். மெஷ் வழியாக வெயிலும் உள்ளே போகும் என்பதையும் மறக்க வேண்டாம்.

நிறம்? வெளிர் நிறம். கறுப்பும் கருநீலமும் வெயிலில் தகிக்கும்.

நீளமாக, இழுத்தால் நீளும் பனியன் துணியில், உடம்பைச் சுற்றிக் கட்டுகிற ராப் என்று ஒன்று வருகிறதே?

பிறந்த குழந்தைக்கு இதமாக இருக்கும். மார்கழி, தை மாதங்களில் தாராளமாகக் கட்டலாம். ஆனால் ஏறக்குறைய ஐந்து மீட்டர் துணி, அதைப் பிள்ளை மேல் மூன்று சுற்று சுற்ற வேண்டும். சித்திரையில் அது வேண்டாம்.

வீட்டில் இருக்கும் பழைய புடவையிலேயே கட்டிக்கொள்ளலாமா? தூளி கட்டுகிறோமே?

இதை அதிகம் பேர் கேட்பது நியாயம்தான். பழைய நூல்புடவை மாதிரி மென்மையான துணி எந்தக் கடையிலும் கிடைக்காது. பிள்ளையைத் தூளியில் போட்டு நடவுக்கும் களைக்கும் போன தலைமுறை நம் ஊரில் இன்னும் இருக்கிறது. அதனால் முடியாது என்று சொல்ல மாட்டேன். ஆனால் தூளியை உத்திரம் தாங்குகிறது, இதை உங்கள் தோள் தாங்க வேண்டும், நடுவில் நீங்கள் குனிவீர்கள், திரும்புவீர்கள், படி ஏறுவீர்கள். இன்னொன்று, தூளியில் பிள்ளை படுத்திருக்கும், உடம்பில் கட்டும்போது நிமிர்ந்த நிலையில் இருக்க வேண்டும்.

புடவை ஐந்தரை மீட்டர் நீளம், அது சரி. அகலம்தான் தொல்லை. ஒரு மீட்டருக்கு மேல் அகலம் இருப்பதால் மடித்துத்தான் கட்ட முடியும், மடித்தால் இரண்டு அடுக்கு, சுற்றினால் நான்கு. நான் ஒரு வெளிர் பச்சை நூல்புடவையை நீளவாக்கில் நடுவில் கிழித்து, தையல்காரரிடம் கொடுத்து ஓரம் அடித்து வாங்கினேன். இரண்டு ராப் ஆகிவிட்டது, ஒன்று எனக்கு, ஒன்று என் தங்கைக்கு. கிழிப்பதற்கு முன்னால் புடவையை டியூப்லைட்டுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். எங்கேயாவது நூல் விலகி வெளிச்சம் பளிச்சென்று வந்தால் அந்தப் புடவை தூக்குவதற்கு ஆகாது, அணையாடைக்கு வைத்துக்கொள்ளுங்கள். நைலக்ஸ், சிந்தெடிக், பட்டு எதுவும் வேண்டாம், வழுக்கும், முடிச்சு நிற்காது. கூறைநாட்டுப் புடவை பருத்தியும் பட்டும் கலந்து நெய்தது, பார்க்க ஆசையாக இருக்கும், ஆனாலும் வேண்டாம். ஜரிகை உள்ள பகுதி பிள்ளையின் தோலைக் கீறும். கஞ்சி போட்டு வைத்த புடவையாக இருந்தால் இரண்டு மூன்று தடவை அலசிக் கஞ்சியைப் போக்குங்கள், விறைத்த துணியில் காற்றும் போகாது, அது உடம்பிலும் படியாது.

முதல் தடவையே பிள்ளையை வைத்துக் கட்டிப் பார்க்காதீர்கள். மூன்று கிலோ அரிசிப் பையை வைத்துக் கட்டி, வீட்டுக்குள்ளேயே நடந்து, உட்கார்ந்து, எழுந்து பாருங்கள். அதற்கப்புறமும் முதல் சில நாள், கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, இன்னொருவர் கூட இருக்கும்போது கட்டுங்கள்.

ரிங் ஸ்லிங்கை வீட்டிலேயே தைக்கிறவர்கள் வளையத்தை இரும்புக்கடையில் வாங்காதீர்கள். அதில் பற்றவைத்த இடம் இருக்கும், அது விட்டுவிடலாம், துணியையும் அறுக்கும். ஸ்லிங்குக்கென்றே இணைப்பு இல்லாமல் செய்த வளையங்கள் தனியாகக் கிடைக்கின்றன.

பிள்ளையை எப்படி உட்கார வைப்பது?

வெயிலைப் பற்றி என்னிடம் கேட்கிறவர்கள் இதைக் கேட்பதே இல்லை, அதனால் நானாகவே சொல்லிவிடுகிறேன். பிள்ளையின் முகம் எப்போதும் உங்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டும். குனிந்தால் உச்சந்தலையில் முத்தம் கொடுக்கிற உயரத்தில் தலை இருக்க வேண்டும். முகவாய் நெஞ்சில் அமுங்கவே கூடாது, நடுவில் ஒரு விரலாவது நுழைய இடம் வேண்டும். பச்சைக் குழந்தைக்குக் கழுத்து நிற்காது, தலை மடங்கினால் மூச்சுக்குழாய் மடங்கும், அழக்கூட அதற்குத் தெம்பு இருக்காது. அமெரிக்காவின் நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் 2010 மார்ச்சில் ஓர் எச்சரிக்கை விட்டது. அதற்கு முந்தைய 20 வருடங்களில் ஸ்லிங்கோடு தொடர்புள்ள குறைந்தது 14 மரணங்களை அது குறிப்பிட்டது, அதில் 12 குழந்தைகள் நான்கு மாதத்துக்கும் குறைவானவர்கள். உடம்பு பைக்குள் சுருண்டு கிடப்பதும், துணி மூக்கை மூடுவதும்தான் ஆபத்து.

வெயிலுக்காகக் கொஞ்சம் தளர்த்திக் கட்டினால் காற்று வருமே என்று நினைக்கத் தோன்றும். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். தளர்ந்தால் பிள்ளை சரியும், சரிந்தால் தலை மடங்கும். காற்று வேண்டுமென்றால் துணியை மெலிதாக்குங்கள், நேரத்தைக் குறையுங்கள், கட்டு மட்டும் இறுக்கமாக இருக்கட்டும்.

கால்கள் தவளை மாதிரி விரிந்து, முழங்கால் பிட்டத்தைவிடச் சற்று மேலே இருக்க வேண்டும். ஒரு முழங்கால் மடிப்பிலிருந்து இன்னொன்று வரை துணி தொடையைத் தாங்க வேண்டும். கால் இரண்டும் நேராகத் தொங்கினால் இடுப்பு மூட்டுக்கு நல்லதல்ல. பக்கத்துக்கு ஒரு காலாக இடுப்பில் உட்கார வைத்துத் தூக்குகிறோமே, அதே நிலைதான்.

எத்தனை மாதத்திலிருந்து போடலாம்?

பல கேரியர்களில் மூன்றரைக் கிலோவிலிருந்து என்று போட்டிருப்பார்கள், வயதைவிட அந்த எடையைப் பாருங்கள். குறைமாதத்தில் பிறந்த பிள்ளை, எடை குறைவான பிள்ளை, மூச்சுக் கோளாறு உள்ள பிள்ளை என்றால் டாக்டரைக் கேட்காமல் கேரியரில் போடக் கூடாது. உலகத்தைப் பார்த்தபடி முன்பக்கம் திருப்பிப் போடுவதெல்லாம் கழுத்து நன்றாக நின்றபிறகு, ஐந்தாறு மாதத்துக்கு மேல், அதுவும் கொஞ்ச நேரம்தான், தூங்கிவிட்டால் உடனே உங்கள் பக்கம் திருப்பிவிடுங்கள்.

சிசேரியன் ஆனவர்களுக்குப் பக்கிள் கேரியரின் இடுப்புப் பட்டை தையல் மேலேயே அமுங்கும். ஆறும்வரை ரிங் ஸ்லிங் தேவலாம், அதையும் டாக்டரைக் கேட்டுக்கொண்டு போடுங்கள்.

பிள்ளைக்குச் சூடு ஏறிவிட்டது என்று எப்படித் தெரியும்?

கையையும் காலையும் தொட்டுப் பார்க்காதீர்கள், அவை எப்போதும் கொஞ்சம் ஜில்லென்றே இருக்கும். பின்கழுத்துக்குக் கீழே சட்டைக்குள் இரண்டு விரலை விட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாகக் காய்ந்து இருந்தால் நல்லது. ஈரமாகப் பிசுபிசுத்தால் வெளியே எடுக்க வேண்டிய நேரம். வியர்க்கவே இல்லை, ஆனால் தோல் கொதிக்கிறது என்றால் அது இன்னும் மோசம். பச்சைக் குழந்தைக்கு நம்மைப் போல வியர்க்கத் தெரியாது, உடம்பும் சின்னது, அதனால் சட்டென்று சூடேறிவிடும்.

முகம் சிவப்பது, சிணுங்கிக்கொண்டே இருப்பது, மூச்சு வேகமாக வாங்குவது, வழக்கத்தைவிடக் குறைவாகச் சிறுநீர் போவது, இதில் எது தெரிந்தாலும் நிழலுக்குப் போய், கேரியரிலிருந்து எடுத்து, சட்டையைக் கழற்றி, சாதாரணத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்துவிட்டுப் பால் கொடுங்கள். துவண்டுபோய் எழுப்பினாலும் எழவில்லை, பால் குடிக்கவில்லை என்றால் காத்திருக்க வேண்டாம், ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மூன்று மாதத்துக்குக் குறைவான பிள்ளைக்கு 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 ஃபாரன்ஹீட் தொட்டாலே டாக்டரிடம் காட்ட வேண்டும். 'வெயிலால்தான்' என்று நாமே முடிவு செய்துவிடக் கூடாது.

வெயிலில் தாகமாக இருக்குமே, கொஞ்சம் தண்ணீர் கொடுக்கலாமா?

ஆறு மாதம் முடியும்வரை வேண்டாம். சர்க்கரைத் தண்ணீரும் வேண்டாம், இளநீரும் வேண்டாம். தாய்ப்பாலிலேயே தேவையான தண்ணீர் இருக்கிறது, அடிக்கடி கொடுத்தால் போதும். தண்ணீர் குடிக்க வேண்டியது நீங்கள்.

என்ன உடை போடுவது? பவுடர் பூசலாமா?

கேரியரே ஒரு உடை என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். மெல்லிய பருத்தியில் கையில்லாத ஒரு ஜுபாவும் டயப்பரும் போதும், டயப்பருக்குப் பதில் துணி கட்டினால் இன்னும் நல்லது. வெளியே தெரியும் காலுக்கு மட்டும் தொளதொளப்பான மெல்லிய பேண்ட். சாக்ஸ், குல்லா, கையுறை எல்லாம் வெயில் காலத்தில் எதற்கு? வெளியே போகும்போது மட்டும் நாலாபுறமும் விளிம்புள்ள துணித் தொப்பி, வீட்டுக்குள் வந்ததும் கழற்றிவிடுங்கள். நீங்களும் பருத்தியே உடுத்துங்கள். உங்கள் நைலான் சுடிதார் பிள்ளையின் வயிற்றோடு ஒட்டிக்கொண்டு இருக்கும் என்பதை யாரும் யோசிப்பதில்லை.

பவுடர் வேண்டாம். அந்தத் தூள் மூக்குக்குள் போகும், வியர்வையில் குழைந்து மடிப்பில் சேறு மாதிரி நிற்கும். எண்ணெய் தேய்த்த உடம்போடும் கேரியரில் போடாதீர்கள், குளிப்பாட்டி மடிப்பெல்லாம் ஈரம் போகத் துடைத்தபிறகு போடுங்கள்.

வெயில் படாமல் மேலே ஒரு துண்டைப் போர்த்திக்கொள்ளலாமா?

கூடாது. உள்ளே காற்று நின்றுவிடும், பிள்ளை முகமும் தெரியாது. குடை பிடியுங்கள்.

எந்த நேரம், எவ்வளவு நேரம்?

மே 4 வாக்கில் தொடங்கி மே 28 வரை அக்னி நட்சத்திரம். அப்போது காலை 10 மணிக்கு மேல் மாலை 4 மணி வரை கேரியரோடு வெளியே போவதையே நான் விட்டுவிட்டேன். சாயங்காலமும் தரையைக் கவனியுங்கள். தஞ்சைப் பெரிய கோயில் பிரகாரத்தில் வெயில் சாய்ந்தபிறகும் தரையிலிருந்து அனல் வரும், உங்கள் காலுக்கு உறைப்பது பிள்ளைக்கும் உறைக்கும். இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை நின்று பின்கழுத்தைத் தொட்டுப் பாருங்கள், முக்கால் மணிக்கு ஒரு தடவை வெளியே எடுத்து இரண்டு பேரும் காற்றாடுங்கள். கூட்ட வரிசையில் மாட்டிக்கொண்டால் நடுவில் வெளியே வர முடியாது, அதனால் தேர், கும்பாபிஷேகம் மாதிரி நாட்களில் பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டுப் போவதே மேல்.

பைக்கில் போகும்போது கேரியரில் போடலாமா?

நடக்கிறவர்களுக்கு மட்டும்தான் கேரியர். விழுந்தால் நீங்கள் பிள்ளை மேலேயே விழுவீர்கள். இரு சக்கர வண்டியில் நான்கு வயதுக்குக் கீழான பிள்ளைகளுக்கு, ஓட்டுபவரோடு சேர்த்துக் கட்டும் பாதுகாப்புப் பட்டை வேண்டும், ஒன்பது மாதத்துக்கு மேல் ஹெல்மெட்டும் வேண்டும், 40 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக் கூடாது என்று 2022 பிப்ரவரியில் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. பேபி கேரியர் அந்தப் பட்டைக்கு ஈடாகாது. கைக்குழந்தை என்றால் பஸ்ஸோ ஆட்டோவோ பாருங்கள்.

அடுப்பங்கரையிலும் வேண்டாம். தாளிக்கும்போது தெறிக்கும் ஒரு துளி எண்ணெய் போதும்.

"இதெல்லாம் வெளிநாட்டுப் பழக்கம், பிள்ளையைக் கட்டிப்போடுவதா?" என்கிறார் மாமியார். என்ன சொல்வது?

என் அத்தையும் இதையேதான் கேட்டார். ஆன் மூர் என்ற அமெரிக்க நர்ஸ் 1960களில் மேற்கு ஆப்பிரிக்காவில் டோகோ நாட்டுக்குப் போனார். அங்கே பெண்கள் ஒற்றைத் துணியில் பிள்ளையை முதுகோடு கட்டிக்கொண்டு வேலை செய்வதைப் பார்த்துவிட்டுத்தான், ஊருக்குத் திரும்பி ஸ்னக்லி என்ற கேரியரை உருவாக்கினார். டோகோவும் நம்மைப் போல வெயில் ஊர்தான். இந்தப் பழக்கம் அந்த மாதிரி ஊரிலிருந்து, மெல்லிய ஒற்றைத் துணியாகத்தான் போயிருக்கிறது. ஸ்பாஞ்சும் பட்டையும் அப்புறம் வந்து சேர்ந்தவை. எடை குறைந்த பிள்ளைகளை அம்மாவின் நெஞ்சோடு தோல் படக் கட்டி வைக்கும் கங்காரு முறையும் 1970களின் கடைசியில் கொலம்பியாவில் தொடங்கியது, இன்று நம் ஊர் ஆஸ்பத்திரிகளிலும் செய்கிறார்கள்.

ஆனால் இந்த வரலாறெல்லாம் அத்தையை மாற்றவில்லை. ஒரு நாள் ரிங் ஸ்லிங்கில் சின்னவனை அவருக்கே கட்டிவிட்டேன். கொல்லையில் தென்னை நிழலில் நாலு தடவை நடந்தார், பிள்ளை தூங்கிவிட்டான். "தூளித் துணி மாதிரிதான்டி இருக்கு" என்றார்.

எப்படித் துவைப்பது?

புதிதாக வாங்கியதும் இரண்டு தடவையாவது துவைத்துவிட்டுக் கட்டுங்கள், பசை போய்த் துணி மிருதுவாகும். வெயில் காலத்தில் தினமும் வியர்வை போக ஒரு அலசு, நிழலில் காயப்போடுங்கள். கஞ்சி, கம்ஃபர்ட் எதுவும் வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தடித்த இடுப்புப் பட்டை மூன்று நாளானாலும் காயாமல் முடை அடிக்கும். ஒற்றைத் துணி மின்விசிறிக் காற்றிலேயே ராத்திரிக்குள் காய்ந்துவிடும்.

அக்கா, நாத்தனார் கொடுத்த பழையதைப் பயன்படுத்தலாமா?

தாராளமாக. நன்றாகத் துவைத்துப் பழகிய துணிதான் இருப்பதிலேயே மிருது. பட்டையும் துணியும் சேரும் தையலை நகத்தால் நெருடிப் பாருங்கள், பக்கிளை இருபது தடவை மாட்டிக் கழற்றிப் பாருங்கள், ஒவ்வொரு தடவையும் 'டிக்' என்ற சத்தம் கேட்க வேண்டும். வளையத்தில் விரிசல், துணியில் வெளிறி நூல் மெலிந்த இடம் இருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், கொடுத்தவர் வருத்தப்பட்டாலும் பரவாயில்லை.